நகல் துவக்கு

துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஊலி ப்ரூட்ச் மே மாதத்தில் அழைத்தார். துவக்கு வந்துவிட்டது என்றார். யாருடைய துவக்கு என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"உங்கள் மனைவியின் ஓடர். இத்தாலியிலிருந்து நேற்று வந்தது. என்ன செய்வதென்று நீங்கள்தான் சொல்லவேண்டும். அவசரமில்லை."

"சனிக்கிழமை வந்து எடுக்கிறேன்," என்றேன்.

சாருஜா பெப்ரவரியில் இறந்தாள். வேலையிடத்தில் தலையிடி என்று உட்கார்ந்தவள் எழும்பவில்லை. மூளையில் இரத்தக்கசிவு. முப்பது வயது. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வராது. துவக்கைப் பற்றி எழுதலாம்.

அது கனடாவில் தொடங்கியது. அவளுடைய அண்ணன் கோபிசன் பிரம்டனில் ஒரு லொறிக் கம்பனியில் வேலை செய்கிறான். பழைய பிரித்தானியப் படைத் துவக்கு ஒன்றின் புது நகலை அங்கே கடையில் வாங்கினான். உருவம் இருநூறு வருடத்துக்கு முந்தையது, இரும்பு போன வருடத்தது. தீக்கல் உரசி வெடிக்கும் வகை. அந்த வகை நகலுக்குக் கனடாவில் உரிமம் தேவையில்லை. அதைத் தானே கண்டுபிடித்தது போலக் கதைத்தான். "பிரஷர் குக்கர் வாங்கிற மாதிரி காசைக் குடுத்துத் தூக்கிக்கொண்டு வந்திட்டன் தங்கச்சி" என்று படம் அனுப்பினான். தோளில் துவக்கு, காலில் பாட்டா செருப்பு.

சாருஜாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் நில அளவை அலுவலகத்தில் வேலை செய்தவள். ஒரு தூரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு கருவியால் அளந்து, தான் சொன்னதே சரியென்று காட்டுவது அவளுக்கு விளையாட்டு. கூட வேலை செய்த ஒருவர் அவளை ஊலியின் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் சுவிஸ் ஊரான ஷாஃப்ஹவுசனுக்கு வெளியே காட்டோரத்தில் அவர்களுடைய சூட்டுத் திடல். குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய படைத் துவக்குகள் மட்டும். ஒரு வருடம் சங்கத்தின் இரவல் துவக்கில் சுட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தங்கையும் தங்கள் இலக்குத்தாள்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

"உது அம்பது மீட்டரோ? குசினிக்குள்ள வைச்சுச் சுட்டிருக்கிறாய்," என்பாள் இவள்.

"பொறாமை, பொறாமை. இரவல் துவக்குக்காரிக்கு வாய் மட்டும் சொந்தம்."

அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒன்று ஓடர் செய்தாள். சுவிஸ் படை 1851இல் தன் குறிசுடும் வீரர்களுக்குக் கொடுத்த துவக்கின் நகல். கல் இல்லை, சிறு செப்புத் தொப்பி ஒன்றைச் சுத்தியல் அடிக்க வெடிக்கும். அண்ணனுடையதை விட நல்லதாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஊலியிடம் வைத்த நிபந்தனை.

சனிக்கிழமை ஊலியின் கடைக்குப் போனேன். துவக்கு மேசையில் துணிமேல் கிடந்தது. என் வதிவிட அட்டையைக் கொடுத்தேன். ஊலி அதைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீங்கள் சுவிஸ் இல்லையா?"

"இங்கேதான் பிறந்தேன். மேலே, கன்டோன் மருத்துவமனையில்."

"அதை நான் கேட்கவில்லை."

"இலங்கைக் கடவுச்சீட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சில நாடுகளின் பிரஜைகள் சுவிற்சர்லாந்தில் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ சுடவோ கூடாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. இலங்கை அதில் உண்டு. எனக்குத் தெரியாது. அதுவரை நான் துவக்கு கேட்டதில்லை.

"என் மருமகனை விட நீங்கள் ஷாஃப்ஹவுசன் பேச்சு நன்றாகப் பேசுகிறீர்கள்," என்றார் ஊலி. "ஆனால் இதை உங்கள் கையில் தர முடியாது. பாருங்கள். தொடவேண்டாம்."

பார்த்தேன். வால்நட் மரம். நீண்ட, மங்கலான குழல். என்னுடைய படிப்பு இயந்திரப் பொறியியல். நல்ல வேலை என்று தெரிந்தது.

ஊலிக்கு என்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். அதற்குள் அதே துவக்கு, கறுத்துப்போய்.

"அதை இப்போதே தரலாம். அசல். 1864இல் செய்தது. 1870க்கு முந்தியது சட்டத்துக்கு ஆயுதமில்லை, பழம்பொருள். கடதாசியில் சுற்றி நாடாவும் கட்டித் தருகிறேன்."

"அசல் எனக்கு ஆகும். நகல் ஆகாது."

"அப்படித்தான்."

"அசல் சுடுமா?"

"இதைவிட நன்றாகச் சுடும்."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

"வேண்டாம். அவள் கேட்டது இது."

"அப்படியானால் உங்களுக்கு எங்கள் சிவப்புக் கடவுச்சீட்டு வேண்டும். இரண்டு வருடமாகும். மூன்றும் ஆகலாம்."

"அதுவரை வைத்திருப்பீர்களா?"

"இறந்தவர் பெயரில் வைத்திருக்க முடியாது. அவருடைய உரித்தாளிகளில் சுவிஸ்காரர் யாராவது உண்டா?"

இருந்தார். மாமி. சாருஜாவின் தாய் சிவகலா, பேர்னுக்கு அருகே ஓஸ்டர்முண்டிகனில்.

நான் ஏன் அதுவரை குடியுரிமை கேட்கவில்லை என்பதற்குப் பெரிய கதை எதுவுமில்லை. பிறந்த ஊரிடம் போய் என்னைச் சேர்த்துக்கொள் என்று கேட்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. சாருஜா பதினெட்டு வயதில் கேட்டு வாங்கியவள். "கேட்டா என்ன, வாய் நோகுமோ?" என்பாள். சுவிஸ் பிரஜையின் கணவன் என்ற சுருக்கு வழி எனக்கு இருந்தது. அது அவளோடு போய்விட்டது. மிஞ்சியது நீண்ட வழி. திங்கட்கிழமையே தொடங்கினேன்.

செவ்வாய் கோபிசன் அழைத்தான்.

"மச்சான், துவக்கை எனக்கு அனுப்பிவிடு. செலவு எல்லாம் என்ர."

"உனக்கும் உரிமம் இல்லையே."

"எடுக்கிறன். வகுப்பு இருக்கு, போனாச் சரி. கல்லெண்டா வேண்டாமாம், தொப்பியெண்டா வேணுமாம். சட்டம் எழுதினவன் சின்னனில கல்லெறிஞ்சு திரிஞ்சவன் போல."

"அனுப்பமாட்டன்."

"டேய், உனக்குச் சுடவே தெரியாது. நீ அதை வைச்சு என்ன செய்யப்போறாய்?"

"பழகுவன்."

"அது என்ர தங்கச்சியின்ர."

"ஓம்."

அவன் பக்கத்தில் லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. "சரி, அம்மாட்டக் கேக்கிறன். அம்மா சொல்லட்டும்," என்று வைத்துவிட்டான்.

மாமி வெள்ளிக்கிழமை ரயிலில் வந்தார். பேர்னில் மருத்துவமனையொன்றில் துப்புரவுப் பிரிவில் மேற்பார்வை செய்கிறவர். பையில் இறால் குழம்பும் கத்தரிக்காயும். சப்பாத்தைக் கழற்றமுதலே தொடங்கினார்.

"கோபி சொன்னவன். துவக்கு எடுக்கப் போறீராம்."

"ஓம் மாமி."

"துவக்கோட வந்து கதவு தட்டினவையைப் பாத்துப் பாத்துத்தான் நான் இந்த நாட்டுக்கு ஓடிவந்தனான். ஆமியும் தட்டினது, இயக்கப் பொடியளும் தட்டினவை. இப்ப என்ர மருமோன் காசு குடுத்து வாங்கப் போறார்."

"சாருஜாவும் சுட்டவள்தானே."

"அவள் சொல்லிக் கேட்டவளோ? நீர் கேப்பீர் எண்டு நினைச்சன்."

சோற்றைப் போட்டார். குழம்பை ஊற்றினார். பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, நேர கேக்கிறன், நேர சொல்லும். சாகிற யோசினையோ?"

அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்கள்.

"இல்லை மாமி."

"அவளின்ர பேரில சொல்லும்."

"அவளின்ர பேரில. இல்லை."

"அப்ப ஏன்?"

என்னிடம் இருந்ததைச் சொன்னேன். "காலமை எழும்பினா ஒண்டும் வேணும் எண்டு தோன்றுதில்லை மாமி. சாப்பாடு, வேலை, ஒண்டும். இது மட்டும் வேணும் எண்டு தோன்றுது."

மாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"ஆறுது. சாப்பிடும். நாளைக்குக் கடையைக் காட்டும்."

அடுத்த நாள் கடையில் ஊலி துவக்கைத் துணிமேல் எடுத்து வைத்தார். மாமி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. மேசைக்கு வந்தார்.

"உது இடியனெல்லோ!"

"என்ன சொல்கிறார்?" என்றார் ஊலி.

"எங்கள் ஊரிலும் இப்படி மருந்து இடித்துச் சுடும் வேட்டைத் துவக்கு உண்டு என்கிறார்."

"வன்னியில காட்டுப் பண்டிக்கு வைக்கிறது," என்றார் மாமி என்னிடம். "மருந்திடிச்சு முடியமுதல் பண்டி குளிச்சுச் சாப்பிட்டுப் படுத்திடும். இதுக்கோ நான் இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை?"

பிறகு தன் பேர்ன் ஜெர்மனில் நேராக ஊலியைக் கேட்டார். "ஒருமுறை சுட எவ்வளவு நேரம்?"

"பழகியவருக்கு ஒரு நிமிடம்."

"இவருக்கு?"

ஊலி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் சுடுவதற்குள் மழை தொடங்கிவிடும்."

மாமி சிரித்தார். பெப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. ஊலி துவக்கை அவர் கையில் கொடுத்தார். அவருக்குக் கொடுக்கலாம். மாமியின் தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"இந்தக் கனத்தையோ என்ர பிள்ளை தூக்கிப் பிடிச்சவள்?"

"அசையாமல் பிடிப்பார்," என்றார் ஊலி. "எங்கள் போட்டிக் குழுவின் நால்வரில் அவர்தான் அசையாதவர்."

மாமி துவக்கைக் கீழே வைக்கவில்லை. கனடாவுக்கு அனுப்பவும் வழி இருக்கிறது, கடதாசி வேலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று ஊலி விளக்கினார். மாமி கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியதை முதல்நாள் சொல்லிவிட்டேன்.

"என்ர பேரில, உங்கட பெட்டகத்தில இருக்கட்டும்," என்றார் கடைசியில். முதலில் தமிழில் சொல்லிவிட்டார். பிறகு ஜெர்மனில். "இவருக்குப் பாஸ்போட் கிடைத்தால் இவருக்கு. கிடைக்கவில்லையென்றால் என் மகனுக்கு, கனடாவுக்கு." என் பக்கம் திரும்பினார். "கிடைச்சாலும் வீட்டுக்கு வரக்கூடாது. பெட்டகம் இங்க, சாவி இவரிட்ட. விளங்கிச்சோ?"

"ஓம் மாமி."

வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தேன். விட்டுக்கொடுத்தேன்.

பிறகு காத்திருந்தேன். சட்டப்படி நான் சுடக்கூடாது. மருந்தும் குண்டும் வைத்திருக்கவும் கூடாது. பார்க்கலாம். ஞாயிறுதோறும் திடலுக்குப் போய்ப் பார்த்தேன். இலக்குத்தாள் மாற்றினேன். புள்ளி எழுதினேன். எவ்வளவு மருந்து, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் மொப் தடியின் நுனியில் தண்ணீர்ப் போத்தல்கள் கட்டி, துவக்கின் நிறை வரும்வரை கூட்டி, தோளில் வைத்து நின்று பழகினேன். முதலில் தடி ஆடியது. பிறகு குறைந்தது. ஒருநாள் மாமி வந்தபோது அப்படி நின்றேன். "சுவரைச் சுட்டு முடிஞ்சா நிலத்தையும் துடைச்சுவிடும்," என்றுவிட்டுக் குசினிக்குப் போனார்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர்காலப் போட்டியில் நான்கு பேர் கொண்ட குழுக்களாகச் சுடுவார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய இடத்தைக் குழு விரும்பும்வரை வெறுமையாக வைத்திருக்கலாம். அவருக்கும் ஓர் இலக்குத்தாள் தொங்கும். யாரும் அதைச் சுடமாட்டார்கள். அவருடைய புள்ளி பூஜ்யம் என்று கூட்டப்படும். ஊலியின் குழு சாருஜாவின் இடத்தை நிரப்பவில்லை. இரண்டு இலையுதிர்காலமும் கடைசியாக வந்தார்கள்.

"யாரும் முறையிடவில்லையா?" என்று கேட்டேன்.

"ஒருவர் முறையிட்டார். இப்போது அவர் வேறு சங்கத்தில் சுடுகிறார்."

இரண்டாம் வருடம் முடியும் தறுவாயில் நகரின் குடியுரிமைக் குழு நேர்காணலுக்கு அழைத்தது. நான்கு பேர். தலைவி நடுவில். மூனோட் கோட்டை மணி எப்போது அடிக்கும் என்று கேட்டார்கள். இரவு ஒன்பது. நகராட்சி, கன்டோன், கூட்டாட்சி, எது எதற்கு வரி வாங்குகிறது என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எல்லாம் சுமுகமாக முடியப்போகிறது என்று அவர்களும் நினைத்தார்கள்.

"நீங்கள் இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே வேலை செய்கிறீர்கள்," என்றார் தலைவி. "இத்தனை வருடம் விண்ணப்பிக்கவில்லை. ஏன் இப்போது?"

வேலையிடத்தில் ஒருவர் எனக்குப் பதில் சொல்லித்தந்திருந்தார். வாக்களிக்க விரும்புகிறேன், பொறுப்பேற்க விரும்புகிறேன். நல்ல பதில். வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

"ஒரு துவக்குக்காக," என்றேன்.

ஒருவர் பேனையை வைத்தார். ஓரத்திலிருந்த முதியவர் நிமிர்ந்தார்.

"என்ன துவக்கு?"

"ஐம்பத்தொன்றாம் ஆண்டுப் படைத் துவக்கு. நகல்."

"தொப்பி வெடியா?"

"ஆம்."

முதியவர் இன்னும் கேட்கப் போனார். தலைவி பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

"இதை நான் குறிப்பில் எழுதவேண்டியிருக்கும்," என்றார் தலைவி.

"எழுதுங்கள்."

சாருஜாவைப் பற்றிச் சொன்னேன். பட்டியலைப் பற்றியும் பெட்டகத்தைப் பற்றியும் மாமி வைத்த நிபந்தனையைப் பற்றியும் சொன்னேன். அதிக நேரம் எடுக்கவில்லை. தலைவி பேனையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள் மனைவி இறந்திருக்கிறார். நீங்கள் துவக்குக் கேட்கிறீர்கள். நான் கவலைப்படவேண்டுமா?"

"என் மாமி அதைக் கேட்டுவிட்டார். அவர் உங்களை விடக் கடுமையாகக் கேட்டார்."

"துவக்குக் கிடைத்தால்?"

"சுடுவேன். குழுவில் நாலாவது இடம் இரண்டு வருடமாக வெறுமையாக இருக்கிறது."

"அதற்குப் பிறகு?"

"தெரியாது. அதுவரைக்கும்தான் எனக்கு யோசிக்க வருகிறது."

"வேறு காரணம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" அவர் குரல் தணிந்திருந்தது. எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்திருக்கிறார் என்று விளங்கியது. "இங்கே பிறந்தவர் நீங்கள்."

"அது காரணமென்றால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அது காரணமில்லையென்றால் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்."

வெளியே இருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் நின்றேன். கதவுக்குள்ளே குரல்கள் உயர்ந்தன. தலைவியின் குரல், பிறகு முதியவருடையது, பிறகு யாரோ மேசையில் தட்டினார்கள். வேறொரு விண்ணப்பதாரி, நீல உடுப்பில் ஒரு பெண், என்னைப் பயத்தோடு பார்த்தாள். "பயப்படவேண்டாம், சத்தம் என்னால்தான்," என்றேன்.

மறுபடி அழைத்தார்கள். தலைவி எழுந்து நின்றிருந்தார்.

"மூன்றுக்கு ஒன்று. பரிந்துரைக்கிறோம். எதிர்த்து வாக்களித்தது நான். நீங்கள் அறிந்திருப்பது நல்லது."

"நன்றி," என்றேன். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கைகொடுத்தார்.

கடவுச்சீட்டு வர மேலும் பல மாதங்கள். வந்த வாரம் மாமி விடுப்பெடுத்து வந்தார். ஊலியின் கடையில் துவக்கு என் பெயருக்கு மாறியது. பெட்டகத்தில் என் பெயர் ஒட்டினார்கள். கோபிசன் தொலைபேசித் திரையில் இருந்தான். அங்கே இன்னும் விடியவில்லை. தலை கலைந்திருந்தது.

"எடுத்திட்டியோ?"

"ஓம்."

"கிட்டக் காட்டு." காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். "நல்ல சாமான்தான். என்னட்ட இருக்கிறதை விட." பிறகு, "வகுப்புக்குக் காசு கட்டினனான், தெரியுமோ? இப்ப சும்மா போய்ப் படிக்கவேணும்."

"படி. நீயும் ஒண்டு வாங்கு."

"வாங்கத்தான் போறன். இதே வகை. இங்க ஒரு கடையில ஓடர் எடுப்பினம்."

திடலுக்குப் போனோம். மாமி காதுக்கவசம் போட்டுக்கொண்டு பின்வாங்கில் உட்கார்ந்தார். தொலைபேசியைக் கோபிசன் பார்க்கும்படி மடியில் நிமிர்த்தி வைத்தார். ஊலி என் பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்றார்.

மருந்தை அளந்து ஊற்றினேன். குண்டை வைத்துத் தடியால் இறக்கினேன். தொப்பியைப் பொருத்தினேன். தோளில் வைத்தேன். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தினேன்.

தோள் பின்னுக்குப் போனது. வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மறைத்தது. காற்று அதை ரைன் ஆற்றுப் பக்கமாக மெல்ல இழுத்துப்போகும்வரை காத்திருந்தோம். ஊலி தொலைநோக்கியில் நெடுநேரம் தேடினார்.

"தாளில் இல்லை," என்றார். "மேலே போயிருக்கிறது. மண்மேட்டில்."

"எவ்வளவு மேலே?"

"ஒரு ஆள் உயரம்."

குழலைத் துடைத்தேன். இன்னும் சூடாக இருந்தது. தோளில் வலி இருந்தது, தெளிவாக, ஓர் இடத்தில். கன்னத்தில் புகைக்கரி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"குறியைக் கீழே வை," என்றார் ஊலி. முதல்முறையாக என்னை ஒருமையில் அழைத்தார்.

மருந்துக் குடுவையை எடுத்து அடுத்ததற்கு அளந்தேன்.